பாம்புக்காது குடிபோன வீடுகள்

என் அக்கா புருஷனை அவர் வேலை பார்க்கும் பாட்டில் கம்பெனியில் எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பட்டம் வாங்கிய மாதிரி சிரித்துக்கொள்வார். ஓடுகிற மெஷின் முன்னால் கண்ணை மூடி நின்று, எந்த பேரிங் கூடிய சீக்கிரம் மண்டையைப் போடும் என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். என்னைக் கேட்டால், அந்தக் காதால் கம்பெனிக்குத்தான் லாபம். நஷ்டமெல்லாம் என் முதுகுக்கு.

நான் லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். ஊரில் யார் வீடு மாற்றினாலும் எனக்குச் சந்தோஷம். மாமா வீடு மாற்றினால் மட்டும் போனை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருக்கும். என் நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், தூக்கினால் விலா எலும்பு கழன்றுவிடும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர், பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகள். ரெக்கார்டு பிளேயரை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். வண்டியின் பின்னால் மெத்தைமேல் உட்கார்ந்து, அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார். அக்கா முன்சீட்டில் பாத்திர மூட்டையோடு உட்கார்ந்து வருவாள்.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பது பெரிய ரகசியம் இல்லை. பகல் முழுக்க பாட்டிலோடு பாட்டில் இடிக்கிற சத்தத்தில் நிற்கிற மனுஷன், சாயங்காலம் வந்து சுத்தமான ஒரு சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டார். அதில் தப்பே இல்லை. கல்யாணமான புதிதில் அக்கா கட்டில் வேண்டும் என்றாளாம். வந்தது ரெக்கார்டு பிளேயர். "பரவாயில்ல, தரையில படுத்தா முதுகுக்கு நல்லதாம்" என்று அக்கா அப்போது சொன்னதை, இப்போதும் அவ்வப்போது சொல்லிக் காட்டுவாள்.

ஆனால் அவர் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பழைய ரெக்கார்டு வைத்திருக்கிறார். ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் பக்கவாத்தியமெல்லாம் அடங்கிப்போகும். அப்போது அந்தப் பெண் லேசாக மூச்சு இழுப்பாள். புது ஊசியா, புது வயரா, எது வந்தாலும் மாமாவுக்கு அந்த மூச்சுதான் பரீட்சை. அது பக்கத்தில் நின்று இழுத்த மாதிரி கேட்டால் பாஸ். கேட்காவிட்டால் எழுந்து ஸ்பீக்கரை விரற்கடை நகர்த்துவார், வந்து உட்காருவார், மறுபடி எழுந்திருப்பார். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வீடு மாற்றுவதும் இதற்காகத்தான். முதல் வீட்டில் வாசலில் பஸ் போயிற்று. அடுத்த வீட்டில் மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். அதற்கடுத்த வீட்டில் ஹால் சதுரமாக இருக்கிறதாம், சதுர அறையில் கனத்த சத்தமெல்லாம் கும்முகிறதாம். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினால் காலி செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஹால் சதுரம் என்று காலி செய்தவர் இவர் ஒருவர்தான். புது வீட்டுக்குப் போனதும் முதலில் ஹாலின் நடுவில் நின்று கை தட்டுவார், எதிரொலி பார்க்க. அப்புறம் ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நாற்காலிக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார முடியாது. மிச்ச இடத்தில்தான் குடும்பம். அவர் மகளிடம் யாராவது வீட்டு அட்ரஸ் கேட்டால், "எந்த வருஷத்து அட்ரஸ்?" என்பாள். அவள் வேலை கிடைத்ததும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

அக்காவுக்கு அப்படிப் போக இடமில்லை. அவள் தையல்காரி. காலால் மிதிக்கிற இரும்பு மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் அதற்குக் கொல்லைப்புறத்து அறைதான். மாமா ரெக்கார்டு போட்டுவிட்டால் குழாய் சொட்டக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது, மெஷின் மூச்சு விடக்கூடாது. வந்த துணியை நேரத்துக்குத் தைத்துக் கொடுக்க வேண்டுமே என்று அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டு சத்தமாகப் போகும்போது மிதிப்பாள், அடங்கும்போது காலை எடுத்துவிடுவாள். ரயில்வே கேட்டில் நின்று நின்று போகிற மாதிரி ஒரு பாவாடையைத் தைத்து முடிப்பாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வீடு மாற்றுவதுதான். தையல்காரிக்கு ஒரு தெருவில் பேர் நிற்பதற்குள் உயிர் போய்விடும். அளவு கொடுக்கத் தயங்குகிறவர்கள் மெல்ல மெல்லப் பழகி, அண்டை வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வருகிற சமயத்தில் மாமா மூட்டை கட்டுவார். புதுத் தெருவில் அக்கா மறுபடியும் வாசலில் போர்டு மாட்டிவிட்டு ஈ ஓட்டுவாள். இப்போது இருக்கிற வீட்டில்தான் முதன்முதலாக அவளுக்கு வேலை குவிந்தது. பள்ளிக்கூடம் ஒன்று சீருடை முழுவதையும் அவளிடம் கொடுத்தது. அக்கா கண்ணாடி மாற்றினாள், உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று யோசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்போதுதான் மாமாவுக்குக் 'கொய்ங்' கேட்க ஆரம்பித்தது.

உண்மையில் அது போன வீட்டிலேயே தொடங்கியது. தெருவில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்லித்தான் காலி செய்தார். இந்த வீட்டிலும் கொஞ்ச நாளில் வந்துவிட்டது. மெல்லிசாக, விடாமல், கொய்ங் என்று. எர்த் சரியில்லை என்று தரையைத் தோண்டி புதுசாக எர்த் போட்டார். டியூப்லைட்டைக் கழற்றினார். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உட்கார்ந்ததில் பால் திரிந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய், போன் சார்ஜரைப் பிடுங்கிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா அக்காவிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். ராத்திரி சரியாகத் தூங்காமல், சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டபடியே இருந்தார். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாகவும் இருக்கும்.

போன மாதம் போன் செய்தார். "மாப்ள, ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே இருக்கு? ஒரு வீடு பாத்திருக்கேன். ஊருக்கு வெளியில. சுத்தி ஒண்ணுமே இல்ல."

அவர் போனை வைத்த கையோடு அக்கா கூப்பிட்டாள். "டேய், இந்தத் தடவை நான் வரல. சாமானை ஏத்தறதுன்னா அவர் சாமானை மட்டும் ஏத்து. எனக்கும் மெஷினுக்கும் இந்த வீட்டு வாடகையை நானே குடுத்துக்குவேன்." அழவில்லை. துணிக்கு அளவு சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். சாமான் ஏற்றவில்லை, முதலில் அறையைப் பார்க்கலாம் என்று சொல்லி நான்தான் இழுத்துப் பிடித்தேன். அது வெட்டவெளியில் புதிதாகக் கட்டிய வீடு. இன்னும் கரண்ட் கனெக்‌ஷனே கொடுக்கவில்லை, சுவரில் வயர் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாமாவுக்கு முகமெல்லாம் பல். ஹாலின் நடுவில் நின்று கை தட்டினார். "நீளம், அகலம், உயரம், எல்லாம் அளந்து கட்டின மாதிரி இருக்கு மாப்ள. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன். இதான் கடைசி." அந்த 'இதான் கடைசி'யை நான் வீட்டுக்கு ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரோரம் நின்றேன். அப்படி ஒரு அமைதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் வயிறு செரிக்கிற சத்தமே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமாவின் நெற்றி சுருங்கியது.

"வண்டியை அணைச்சிடு மாப்ள."

"அணைச்சாச்சு மாமா."

"ஏதோ ஓடுதே. போய்ப் பாரு, எஞ்சின் ஓடுது."

நான் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார். அப்புறம் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வயர் நுனிகளைப் பார்த்தார். வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். போஸ்ட் கம்பம் கிடையாது, கிணற்றில் மோட்டார் கிடையாது. திரும்பி வந்து வாசற்படியில் நின்று, ரெண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினார். பொத்தினபடியே என்னைப் பார்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிக்கு வந்துவிட்டேன்.

திரும்பினோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "அக்காகிட்ட வீடு புடிக்கலன்னு மட்டும் சொல்லு" என்றார்.

நான் அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் காது டாக்டரிடம் கூட்டிப்போனது அக்காதான், நானும் கூடப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். பாம்புக்காது நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். போகப்போக விரல் பட்டன்மேலேயே சும்மா கிடந்தது. வெளியே மெஷினில் விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்த எங்களுக்கு, சத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை, சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைப் பார்த்தார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு. போன இடத்துலதான் இந்தக் கொய்ங் வந்து உக்காந்திருக்கு. கம்பெனியில காதுக்கு அடைப்பு எதுவும் குடுக்கலையா?"

"குடுத்தாங்க," என்றார் மாமா.

"போட்டுக்கலையா?"

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதைப் போட்டா காது மழுங்கிடும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமும் காதைக் காப்பாற்றுவதாக நினைத்து, திறந்த காதோடு பாட்டில்களுக்கு நடுவில் நின்றிருக்கிறார். வேறு யார் செய்திருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இது போகாது, பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்றாள் டாக்டரம்மா. இனிமேலாவது கம்பெனியில் அடைப்பைப் போடச் சொன்னாள். சுத்தமான அமைதியில் உட்காராதீர்கள், அமைதியில்தான் அது பெரிசாகும், பக்கத்தில் ஏதாவது சின்னச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றாள். மாமா ஃபேனைப் போட்டுப் பார்த்தார். சுருதியே இல்லை என்று அணைத்தார். வீட்டுக்குள் கூண்டில் போட்ட மாதிரி நடந்தார். ரெக்கார்டு போடவே இல்லை. அக்கா தைரியமாகப் பகல் முழுக்க மெஷினை மிதித்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நேற்று போன் செய்தார். "வண்டி வேண்டாம் மாப்ள. நீ மட்டும் வா, ஒரு சாமானைத் தூக்கணும்."

போனால், தூக்க வேண்டியது தையல் மெஷின். கொல்லைப்புறத்து அறையிலிருந்து ஹாலுக்கு. அக்கா மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இத்தனை வருஷமா சனியன் மாதிரி பின்னால கெடந்துச்சு. இப்ப மருந்துன்னதும் முன்னால வரணுமா?"

மெஷினைப் பிடிக்கக் குனிந்த மாமா நிமிர்ந்தார். "நேத்து நீ தைக்கும்போது கதவுகிட்ட உக்காந்திருந்தேன். அந்தச் சத்தத்துல இது அடங்கிப்போகுது. வேற எதுலயும் அடங்கல." அப்புறம், "உனக்கு வேண்டாம்னா விட்டுடு" என்றார்.

அக்கா கையை எடுத்தாள். நாங்கள் தூக்கினோம். எங்கே வைப்பது என்று நான் கேட்பதற்குள், மாமா தன் நாற்காலியைக் காலால் தள்ளி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒதுக்கினார். மெஷின் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

ரெக்கார்டு போட்டார், அதே பாட்டு. அக்கா சீருடைத் துணி ஒன்றை எடுத்து மிதிக்கத் தொடங்கினாள். தடதடவென்று மெஷின் ஓட, அதன் நடுவில் அந்தப் பெண் பாடினாள். என் காதுக்கு ரெண்டும் சேர்ந்து கண்றாவியாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவின் தோள் இறங்கியது, பல மாதத்துக்கப்புறம் அவர் நாற்காலியில் சாய்ந்தார். முதல் சரணம் முடிந்தது, வாத்தியங்கள் அடங்கின.

மெஷின் நின்றுவிட்டது. அக்கா காலை எடுத்திருந்தாள்.

மாமா திரும்பினார். "ஏன் நிறுத்தின?"

"அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கற இடமாச்சே. பழக்கம்."

ரெண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுதே. எப்பவும்போலத்தான். பின்ரூம்லயே கேக்குமே."

"நாலஞ்சு வருஷமா நான் கேக்கல," என்றார் மாமா. "ரெக்கார்டு தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். மாமா எழுந்து போய் ஊசியைத் தூக்கி, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார்.

"இந்தத் தடவை நிறுத்தாம ஓட்டு. அந்த இடம் வந்ததும் சொல்லு."

அக்கா மிதித்தாள். அந்த இடம் வந்தது. தைப்பதை நிறுத்தாமல், அவள் இடது கையை மட்டும் நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் எழுந்து ஊசியைத் தூக்கவில்லை. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.