பின்கோடு ஒன்றாக இருந்தால் போதும்

இராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் எனக்கு வேலை. விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள், அது அரசுப் பள்ளியா, எந்த டிரஸ்ட் நடத்துவது என்ற விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. எங்கள் சூப்பிரண்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்தக் கோடையில் அவருக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது. ஒரே பள்ளி இரண்டு மூன்று முறை பதிவாகிக் கிடந்தது உண்மைதான். ஒவ்வொன்றாகப் பார்த்து இணைக்க வேண்டிய வேலை. அவரோ ஊரும் பின்கோடும் ஒன்றாக இருந்தால் போதுமென்று மொத்தமாக இணைத்துத் தள்ளினார். முதல்வரிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டார். அந்தக் கூத்தில் பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் அரசுப் பள்ளி, அதே ஊரிலிருந்த தனியார் பள்ளிக்குள் போய் மறைந்துவிட்டது.

கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா மகளோடு வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

“எங்க பள்ளிக்கூடத்தையே காணோம். இவ படிச்சது கவர்மெண்டு பள்ளிக்கூடம். நீங்க பிரைவேட்டுன்னு போட்டிருக்கீக.”

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எங்கள் கல்லூரியில் தனியாகச் சில இடங்கள் உண்டு. அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்கு பி.காம். கிடைத்தால் அதில்தான் கிடைக்கும். நேரே சூப்பிரண்டிடம் போனேன்.

“இணைச்சதைப் பிரிக்க முடியாதும்மா. புதுசாத்தான் சேக்கணும். அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்குங்கிறதுக்கு ஆதாரம் வேணும்.”

“போன வருசம்கூட நம்ம கம்ப்யூட்டர்ல இருந்துச்சே சார்?”

“இப்ப இல்லையே.”

கீபோர்டை எடுத்து அவர் மண்டையில் போடலாம் போலிருந்தது. நயினார்கோவில் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியைத் தேடிப் பார்த்தேன். பத்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் வேறு பள்ளியே கிடையாது, அதனால் தப்பித்தது.

அந்த அம்மா மறுநாள் காலையிலேயே தலைமை ஆசிரியையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். சூப்பிரண்டு அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். கருவாட்டு வாடை அடிக்கிறதாம். வாடையைச் சொல்லத் தெரிந்தவருக்கு உள்ளே எழுதியிருந்ததைப் படிக்கப் பொறுமை இல்லை.

“லிஸ்ட் வரட்டும், அப்புறம் பாப்போம்.”

“லிஸ்ட் வந்தப்புறம் பாத்து என்ன சார் பிரயோசனம்?”

“உங்க வேலையப் பாருங்க.”

முதல்வர் அறைக்குப் போனேன். “சூப்பிரண்டு மூலமா வாங்க” என்று அவர் தலை நிமிராமலே சொன்னார். நானே பள்ளியைச் சேர்த்துவிடலாமென்றால் அதற்கான பாஸ்வேர்டு என்னிடம் கிடையாது. கடிதம் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. லிஸ்ட் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஒரு மனிதரை அவ்வளவு வெறுக்க என்னால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இடங்களெல்லாம் நிரம்பிய பிறகு ஒரு மத்தியானம் சாவகாசமாக உட்கார்ந்து அவரே அந்தப் பள்ளியைச் சேர்த்தார். பெயர், ஊர், பின்கோடு, அரசுப் பள்ளி. ஒரு பிழை கிடையாது.

“அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க” என்றார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி.

போட்டேன். பள்ளியைச் சேர்த்தாயிற்று என்றேன்.

“எங்க பள்ளிக்கூடம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். எம்பிள்ளைக்கு எடம் இருக்கா, அதச் சொல்லுங்க.”

“இல்லக்கா.”

“பெறகு எதுக்குப் போன் பண்றீக? அவ எறால் கம்பெனிக்குப் போறா.”

வைத்துவிட்டார். அந்த வார்த்தைகளை அப்படியே சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போகட்டும். பதிவு இப்ப சரியா இருக்குல்ல?” என்றார்.