சுங்குவார்சத்திரத்துக்கு இருபது நடை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில் என் அக்கா புருஷன் ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நான் அவரிடம் மெக்கானிக். எனக்கு இருபத்தைந்து வயது, மூக்கு நுனியில் கோபம். வருடத்துக்கு ஒருமுறை சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். வண்டி செய்யும் கம்பெனி ஒன்று அதில் தன் சொந்த டீமை இறக்கும். கூடவே, தான் ஓட்டித் தேய்த்த எஞ்சின்களை எங்களைப் போன்ற ஒர்க்‌ஷாப்காரர்களுக்குக் கொடுத்து, எங்களையும் ஓடச் சொல்லும். எங்களுக்குத் ‘தம்பி டீம்’ என்று பெயர். அண்ணன் போட்டுக் கிழித்த சட்டைதானே தம்பிக்கு வரும்?

எங்கள் வண்டியை ஓட்டுபவர் மாமா. அந்த வருடம் கம்பெனியிடமிருந்து அவருக்கு ஒரு வாக்கு கிடைத்திருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கம்பெனியிலேயே புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ரைடர் வேலை, நிரந்தரமாக. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மாமாவுக்கு முப்பத்து நான்கு முடியப் போகிறது. அக்கா மணிமங்கலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் புது எஞ்சின் விதி வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றைத் தாள். அதுவரை தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். இரண்டு தடவை வரை கடைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இனிமேல் அது கிடையாது. இருநூற்றைம்பது சி.சி. என்றால் இருநூற்றைம்பதுதான். பந்தயம் முடிந்ததும் ஜெயித்த வண்டிகளின் எஞ்சினைத் திறந்து அளப்பார்கள், மயிரிழை கூடினாலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

படித்தால் நியாயமான விதி. ஆனால் கம்பெனி டீமுக்குப் பெட்டி பிரிக்காத சிலிண்டர்கள். எங்களுக்கு வந்த மூன்றும் ஏற்கெனவே கடைந்தவை. நல்லதாக இருந்ததை அளந்து கணக்குப் போட்டேன்: இருநூற்றைம்பதே முக்கால். முக்கால் சி.சி.! ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. கம்பெனிக்குப் போய்ப் புதுசு ஒன்று கேட்டோம். “எங்களுக்கே பத்தலையே” என்றார் மேனேஜர், பின்னால் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை மறைத்தபடி. எனக்கு வந்த கோபத்துக்கு மாமா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

ஒரே வழிதான் இருந்தது. சிலிண்டருக்குள் புது இரும்பு உறை இறக்கி, பழைய அளவுக்கே கடைவது. கிண்டியில் ஒரு லேத்தில் அதைச் செய்தோம். புகை போகும் வழிகளை மாமா இரண்டு நாள் உட்கார்ந்து அரத்தால் ராவினார். வெர்னியர் வைத்துப் பார்த்தேன். அளவு சரி. ஆனால் புது இரும்பும் புது பிஸ்டனும் ஒன்றோடொன்று பழகுகிற வரை, அதாவது ‘ரன்னிங் இன்’ முடிகிற வரை, வேகமே ஆகாது. பழகாமல் முறுக்கினால் சூட்டில் பிஸ்டன் உப்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பந்தயத்துக்கு இருந்ததோ இரண்டே நாள்.

எஞ்சினை எங்கள் பழைய ரோடு வண்டியில் பூட்டினோம். அதில் ஸ்பீடாமீட்டர் ஓடாது. அதனால் கணக்கை நடையில் வைத்துக்கொண்டோம். சுங்குவார்சத்திரம் போய்த் திரும்பினால் ஒரு நடை. மொத்தம் இருபது நடை, நாற்பது மைல் வேகத்தைக்கூடத் தொடக் கூடாது. ஆளுக்குப் பத்து. முடித்தவர் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும்.

மாமாவுக்கு மெதுவாக ஓட்டத் தெரியாது, அது ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரர் கேட்டார், “இன்னாபா, ரேஸ் வண்டின்றே, மாட்டு வண்டி உன்ன தாண்டிக்கினு போவுது?” மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நடையும் ஓட்டினார். ஒவ்வொரு நடையிலும் சத்தம் கொஞ்சம் மாறினாலே வண்டியை நிறுத்தி எஞ்சினைத் தொட்டுப் பார்ப்போம்.

சனிக்கிழமை மதியம், என் எட்டாவது நடையில், எதிரே ஒரு லாரி பஸ்ஸை முந்திக்கொண்டு நேராக என்மேல் வந்தது. மண்ணில் இறக்கித் தப்பினேன். எப்படியோ சுங்குவார்சத்திரம் போய்ச் சேர்ந்தேன். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு நடைக்கு ஆகும் நேரம் போனது. பயந்துவிட்டேன் என்று மாமாவிடம் சொல்ல எனக்கு வெட்கம். திரும்பி வந்தபோது மாமா கடையில் இல்லை. சுவரில் மூன்று கோடு போட்டேன். பழகினது போதும், பதினெட்டுக்கும் இருபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலையில் மாமா தனியாக எஞ்சினை இறக்கி ரேஸ் வண்டியில் மாட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பந்தயம் தொடங்கியதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் நாலு சுற்று மாமா கடைசியில் போய்க்கொண்டிருந்தார். வருகிறவனுக்கெல்லாம் வழி விட்டார். “முறுக்குங்க மாமா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஐந்தாவது சுற்றில்தான் முறுக்கினார். ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் மூன்றாவது இடம். முன்னால் இரண்டும் கம்பெனி வண்டிகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீண்ட நேர்பாதையில் சத்தம் திடீரென்று அறுந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. மாமா கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. ஓரமாக உருண்டு வந்து நின்றார். மற்ற வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. ஒரு டீஸ்பூனுக்காக அவ்வளவு பாடுபட்ட எங்கள் எஞ்சினைக் கடைசிவரை யாரும் அளக்கவே இல்லை.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். “ரன்னிங் இன் சரியா பண்ணலையே. யார் பண்ணது?”

நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“நான்தான் சார்,” என்றார் மாமா. “கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.”

“இவ்வளவு அவசரக்காரர டெஸ்டிங்ல வெச்சிக்கினு நாங்க என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்த வேலை அதோடு போயிற்று.

திரும்பும்போது வேனில் நாங்கள் இருவர்தான் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பூந்தமல்லி தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. “மாமா, நேத்து நான்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மச்சான். டேங்க்ல பெட்ரோல் மிச்சம் கீதே, பாக்க மாட்டனா?”

“அப்ப ஏன் மாமா கேக்கல?”

“கேட்டு இன்னா ஆவப் போவுது? எஞ்சின எறக்கும்போதே இருட்டிடுச்சி. நீ உட்ட ரெண்டு நடையத்தான் காலைல மொத நாலு ரவுண்டு ஓட்டிக்கினு இருந்தேன். பத்தல.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அக்காவோ யார் வந்தாலும் சொல்லுவாள்: “பதறாத காரியம் சிதறாதுன்னு தலபாடா அடிச்சிக்கினேன். இந்த மனுசன் கேட்டாத்தானே? ரெண்டு நாளு பொறுமையா ஓட்டியிருந்தா கம்பெனி வேலக்காரரா இருந்திருப்பாரு. இன்னாடா, நான் சொல்றது?”

மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான், “ஆமாக்கா,” என்பேன்.