சன்னதியில் நான் போட்ட சத்தம்

ராஜபாளையத்தில் பிளஸ் டூ படித்த என் மகளைப் பற்றிக் கணக்கு சார், "இவ பாஸாகுறதே கஷ்டம்" என்று என்னிடம் சொன்னார். பரீட்சை அவளுக்கு, பேதி எனக்கு. அதையே தினமும் அவளிடம் புலம்பி ஓய்ந்துபோய், பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலைக்கோயிலுக்கு அவளை அழைத்துப் போனேன். சன்னதியில் வரிசைக்கே கேட்கும்படி, "பெருமாளே, இவ கணக்குல ஃபெயிலாகாமப் பாத்துக்கோ!" என்று கத்திவிட்டேன்.

படியிறங்கும்போது அவள் அழுதாள். "சார் ஒருவாட்டிதாம்ப்பா சொன்னாரு. நீங்க தெனமும் சொல்லுதிய. இப்ப ஊருக்கே சொல்லிட்டிய. நான் பரீட்சைக்குப் போகல."

"தப்புதான் தாயி. இனிமே வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அவளாகவே கிளம்பிப் போய் எழுதினாள், தேறினாள்.

இப்போது கல்லூரியில் யார் அவளைக் குறை சொன்னாலும் நான் அதை அவளிடம் திருப்பிச் சொல்வதில்லை. வேண்டுதலும் மனசுக்குள்தான். பெருமாளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.