பெட்டி டாக்டரம்மாவும் மாடி மீன்களும்

ஸ்விட்ச் அறைக்குள் நுழைந்ததும் அவர் விளக்கைக்கூடப் போடாமல், கேபிள்களையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துவிடுகிறார். சூடு எவ்வளவு என்று மேஜைக் கம்ப்யூட்டரே சொல்லும். "சொல்லும்தான். பெத்த பிள்ளைக்கு ஜுரம்னா தெர்மாமீட்டர் வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிப்போமா?" என்பார். மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு அங்கே பெயரே பெட்டி டாக்டரம்மாதான்.

கூந்தலில் கிளிப்புக்குப் பதில் கேபிள் கட்டும் பட்டை. சிக்குண்டு கிடக்கும் கேபிள்களைக் கண்டால், "எந்தப் பாவி இப்படிச் சொருகினான்?" என்று திட்டியபடியே, தலை வாரிவிடுவதுபோல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டுவார்.

மருத்துவமனையில் ஒரு காமிராப் படத்தை ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே தடவை அனுப்பினால், கேட்ட டிவிகளுக்கு மட்டும் ஸ்விட்ச் நகலெடுத்துக் கொடுக்கும். மல்டிகாஸ்ட் என்று பெயர். ஸ்விட்சுக்குள் இருக்கும் சிப்பின் அட்டவணையில் இடம் பிடித்த படம் கண் இமைப்பதற்குள் போய்ச் சேரும். அட்டவணை நிரம்பிவிட்டால் மிச்சமெல்லாம் சாஃப்ட்வேரின் தலையில். அது ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்து மெதுவாக அனுப்பும்.

"சிப்பு என்னை மாதிரி. கேட்டதும் கை தானா எடுத்துக் கொடுத்துடும். சாஃப்ட்வேர் எங்க வீட்டுக்காரர். உப்பை எடுங்கன்னா, எந்த உப்புன்னு கேட்டு, கண்ணாடியைத் தேடி..." முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அவரிடம் உதவியாளாக இருந்த நான், சிரிப்பில்லாத அந்த முகத்தை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். அவருடைய தங்கை அங்கேயே குறைமாதத்தில் பிள்ளை பெற்றிருந்தாள். என் நாத்தனாருக்குப் பக்கத்துக் கட்டில். குழந்தை வேறொரு மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். எழுந்து நடக்கக் கூடாத அந்தத் தாய்க்கு, எதிர்ச்சுவர் டிவியில் ஏறி இறங்கும் அந்தச் சின்ன மார்புதான் உலகம். அந்தப் படம் சட்டென்று உறைந்து நின்றது.

"அக்கா, பிள்ளை மூச்சு விடலக்கா!"

பெட்டி டாக்டரம்மா போனை எடுத்து நர்ஸிடம் கேட்டார். "படம்தான்டி நின்னிருக்கு. உன் பையன் காலை உதைச்சுக்கிட்டு ஜம்முன்னு இருக்கானாம்!" தங்கை நம்பவில்லை. கண்ணீர் நிற்கவில்லை.

ஸ்விட்ச் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்டியின் தலையில் கை வைத்தார், கொதித்தது. திரையைப் பார்த்தால், அட்டவணை முழுக்க மீன்கள்! மேனேஜர் ஆசை ஆசையாக மாடிக்கு மாடி வைத்த மீன் தொட்டிகள், தொட்டிக்குத் தொட்டி காமிராக்கள், எல்லாம் டிவிகளுக்கு. கடைசியாக வந்த குழந்தையின் படம், இடமில்லாமல் சாஃப்ட்வேரிடம் மாட்டிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தது.

"மீனை நிறுத்தாதீங்கம்மா, அதைப் பார்த்தாதான் நோயாளிக்கு மனசு அமைதியாகும்!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"உங்க மீனுக்கு நீந்தத் தெரியும் சார். எங்க பையன் இன்னும் கத்துக்கல."

அட்டவணையிலிருந்து மீன்களை ஒவ்வொன்றாக நீக்கினார். குழந்தையின் படத்தை மறுபடி சேர்த்தார். சிப் வாங்கிக்கொண்டது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, டிவியில் அந்த மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒரு கொட்டாவி வேறு! தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா நேரே நடந்துபோய், டிவித் திரையில் குழந்தையின் நெற்றிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"கையை எடுக்கா, முகம் மறைக்குது!"

எடுக்கவில்லை. ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்தினார்.