சிவப்புப் பூச்சு வைத்த மூட்டுகள்

ஊரில் ஒருவன் குசினியில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சினால் பொலிஸ் வரும். இங்கே இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் நான் பராமரிக்கும் எண்பத்தொரு வயதுக் கிழவர், நான் சினோரே என்று கூப்பிடுகிறவர், குசினியிலேயே அண்டா வைத்துப் பியர் காய்ச்சி, பங்குச் சுவாமிக்கும் ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறார். சுவாமியும் கூச்சமில்லாமல் வெறும் போத்தலைத் திருப்பி அனுப்புகிறார். வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

மாசி மாதம் அந்த அண்டாவின் அடிக்குழாய் ஒழுகத் தொடங்கியது. மன்னாரில் நான் பைப் வேலை செய்தவன். இங்கே கிழவரைக் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதுமாக இருந்த எனக்கு, ஸ்பானரைக் கையில் பிடித்ததும் பழைய திமிர் வந்துவிட்டது. நிலவறையில் ஒரு துருப்பிடித்த பேணிக்குள் சிவப்புப் பூச்சு இருந்தது. ஊரில் என் முதலாளி வைத்திருந்ததும் இதேதான். பைப் நுனியின் திருகு மரையில் சணல் சுற்றி, இதைப் பூசி இறுக்கினால் ஒழுக்கு நின்றுவிடும். நின்றது. மூன்று தடவை பியர் கொதித்தது. சினோரே என் தோளில் தட்டினார், நானும் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

போன ஞாயிறு அவருடைய தம்பி மகன் சால்வோ வந்தான். அவனும் வீட்டில் பியர் காய்ச்சுகிறவன். குழாயடியில் பிதுங்கி நின்ற சிவப்பைக் கண்டதும் "பியோம்போ!" என்று கத்தினான். ஈயமாம். கொதிக்கிறது, புளிக்கிறது எதுவும் அதில் படக்கூடாதாம். உணவுக்கு ஏற்றது என்று எழுதிய வெள்ளை ரேப் நாடாதான் மரையில் சுற்றவேண்டுமாம். குடிதண்ணீருக்கு ஆகுமா என்று கேட்டேன். "உனக்கென்ன பைத்தியமா? பிள்ளைகளின் மூளையைக் கெடுத்துவிடும்" என்றான்.

வெளிநாடு வருவதற்கு முதல் வாரம், மன்னாரில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து குசினி வரை இரும்புப் பைப் பூட்டியது நான். பதினொரு மூட்டு. பதினொன்றிலும் அந்தச் சிவப்பு. அப்போது மனைவி ஜெசியின் வயிற்றில் இருந்த அனிற்றா, பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அவளை நான் இரண்டே லீவில்தான் பார்த்திருக்கிறேன்.

அழுதுவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்து அழுகிறேன் என அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "இந்த வயதில் ஈயம் என்னை என்ன செய்யும்? உன்னை நிறுத்தமாட்டேன்" என்று சினோரே என் தலையைத் தடவினார். நல்ல மனுசர்கள்தான். அந்த நேரத்தில் இருவரையும் எனக்குப் பிடிக்கவேயில்லை. எழுந்து மாடத்துக்குப் போய் ஜெசிக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"ஜெசி, பைப் தண்ணியை ஒருத்தரும் குடிக்கவேண்டாம். நாளைக்கே பிள்ளையின்ரை இரத்தத்தைச் சோதிக்கவேணும்."

"ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். ஜெசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு வருசமாக் குடிக்கிறமே. பாலும் அதிலைதானே கரைச்சுக் குடுத்தனான்" என்றாள்.

போனை வாளியில் சாத்திவைத்துவிட்டு, என்னுடைய பழைய ஸ்பானரைத் தேடி எடுத்து வந்தாள். முதல் மூட்டில் மாட்டி, இரண்டு கையாலும் தொங்கினாள். "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று நான் மாடத்தில் நின்று கத்த, என் கை காற்றைத் திருகியது. தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இஞ்சாருங்கோ, அசையுதில்லை. ஏன் இப்பிடி இறுக்கி வைச்சியள்?"

நான் இல்லாத வீட்டில் ஒரு துளியும் ஒழுகக்கூடாது என்று, உடம்பிலிருந்த பலம் முழுவதையும் போட்டு இறுக்கியிருந்தேன்.