பிடுங்கிய பல்லுக்கு மட்டும்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தேன். புதிதாகச் சேர்கிறவர்களே, பேஷன்டை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்பே, மருத்துவ ஸ்கீம் எதற்குப் பணம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் ஏச்சு விழும், அது வேறு.

பள்ளிக்கூட வேன் டிரைவர் அந்தோணிக்கு மேல்வரிசைப் பல் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. ஊழியர் மருத்துவ ஸ்கீமில் பல் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு உண்டு, பல்செட் கட்டும் டெஞ்சருக்குக் கிடையாது.

“பிடுங்குறது வைத்தியம், கட்டுறது அழகுக்குன்னு ரூல்ல போட்டிருக்காங்கண்ணே.”

“சோறு மெல்லுறது அழகுக்கா தாயி? நல்லாருக்கு ஒங்க ரூலு! சரி, பிடுங்குன பல்லையாவது குடு.”

அதுவும் முடியாது. ஸ்கீம் ஆபீசர் பல்லைப் பார்த்தால்தான் கிளெய்ம் பாஸாகும். அதுவரை கழுவிக் காயவைத்து, பெயர் ஒட்டிய பாட்டிலில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து வைப்போம். மனுஷர் திட்டிக்கொண்டே பொக்கை வாயோடு போனார்.

அந்த மழைக்காலத்தில் அடுக்கம் கிராமத்துக்கு நடந்து போனவர், மூடுபனியில் சரிவில் விழுந்துவிட்டார். கூடப் போனவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். ஆட்கள் இறங்கித் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை, தோளில் போட்டிருந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவர் மனைவி செல்லமேரி வந்தார். வெளியே பனி ஜன்னலை மூடியிருந்தது.

“தங்கச்சி, அவரு பல்லு இங்கதான இருக்கு?”

டாக்டர் தயங்கினார். “ஆபீசர் இன்னும் பாக்கலம்மா. கொண்டுபோனா கிளெய்ம் நின்னுரும்.”

“நிக்கட்டும் சார். வெறும் பெட்டிய எப்படிங்க மண்ணுல வைக்க?”

அலமாரியைத் திறந்தேன். மற்ற பாட்டில்கள் தெளிவாக இருந்தன. அந்தோணியுடையது மட்டும் வெள்ளையாக மங்கிக் கிடந்தது. துடைத்தேன், போகவில்லை. ஆவி உள்ளே படிந்திருந்தது, வாயை வைத்து ஊதினது மாதிரி. மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கல் குறைந்தது, மறுபடி கூடியது, மறுபடி குறைந்தது. ஐயோ என்று பாட்டிலை டாக்டர் முன்னால் நீட்டினேன்.

டாக்டரும் பார்த்தார். “குடுத்துரு” என்றார், அவ்வளவுதான்.

செல்லமேரி பயப்படவில்லை. பாட்டிலை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டார். “குளிருது அவருக்கு. இந்த ரூல எம்புட்டு ஏசுனாரு! அது இல்லாட்டி எனக்கு இதுவும் மிஞ்சியிருக்காதே.”

அடக்கத்துக்கு நானும் போனேன். பெட்டியை மூடுமுன் எட்டிப் பார்த்தேன். பாட்டிலின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே பற்கள் மட்டும்தான் இருந்தன.

கிளெய்ம் தள்ளுபடியானது. அதன்பிறகு யார் கேட்டாலும், ஆபீசருக்கு ஒரு பல்லை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். பிடுங்கும் வேலைக்குத்தான் ஸ்கீம் பணம் கொடுக்கிறது. பல் அவர்களுடையது.