பாவு கட்டின புங்கமரம்

இன்னிக்குக் காலையில கதவைத் திறந்தா, எங்க தெரு புங்கமரத்தடியில ரம்பத்தோட ஒரு ஆள் நிக்கிறார்.

கூட்டிக்கினு வந்தது எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமா. மரத்துல இருந்து காக்கா எச்சம் விழுந்து, சேலை நெய்ய அவர் தெருவுல நீளமா இழுத்துக் கட்டற பட்டு நூல், அதான் பாவு, கறையாவுதாம்.

எனக்கு வந்ததே கோவம்.

"மாமா, வருஷா வருஷம் வெயில் ஏறிக்கினே போவுது. பூமியே சூடாவுதுன்னு டிவியில சொல்றாங்க. இருக்கிற ஒரே மரத்தையும் வெட்டிட்டா, நாளைக்கு உங்க பேத்தி இந்தத் தெருவுல எப்படி இருப்பா?"

"அவ ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பாம்மா."

"இங்க ஃபேனுக்கே கரண்ட் இல்ல, மாமா!"

அவர் காதுலயே வாங்கல. ரம்பக்காரர்தான் மரத்தைச் சுத்தி வந்து கேட்டார்: "இன்னாங்க, இந்தப் பாவை யாரு அவுக்கறது?"

பார்த்தா, தெரு நீளத்துக்கு இழுத்து, கஞ்சி போட்டுக் காயவிட்ட பாவோட ஒரு முனை அந்த மரத்துலயே கட்டியிருக்கு. மாமாவோட பாவேதான்! விடியக்காலையில அதைக் கட்டிட்டு, அதே ஜோர்ல மரம் வெட்டவும் ஆள் கூப்பிட்டிருக்கார். காயறதுக்குள்ள அவுத்தா இழையெல்லாம் ஒட்டிக்கும்.

மாமா பாவைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"தெருவுல பாவு இல்லாத நாளா பார்த்து வாப்பா"ன்னு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டார்.

அப்பாடா! சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்த என் பொண்ணு, வழக்கம்போல அந்த நிழல்லதான் விளையாடினா.

வீட்டுக்கு வீடு தறி ஓடற எங்க ஆரணியில பாவு இல்லாத நாள்னு ஒண்ணு இருந்தா எனக்குச் சொல்லுங்க. மாமா காதுல மட்டும் போட்டுடாதீங்க.